ஓவர்ஹோல் செய்த எஞ்சினைப் பழைய பிக்கப்புக்கு ஏற்றுவது: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள பதில்கள் 1980களிலும் 90களிலும் வந்த டீசல் பிக்கப்களை மனதில் வைத்து எழுதியவை. டொயோட்டா ஹைலக்ஸின் 2எல், 3எல், இசுசுவின் 4ஜேஏ1, நிசானின் டிடி27, மிட்சுபிஷியின் 4டி56 என்று சொன்னால் ஓடுபவர்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் வைத்த கொமன் ரெயில் எஞ்சின்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

முப்பது வருடப் பழைய பிக்கப்புக்கு இவ்வளவு செலவழிப்பது பெறுமதியா?

முதலில் எஞ்சினைப் பார்க்காமல் சேசிஸைப் பாருங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, மட்டக்குளி என்று கடற்காற்று வாங்கிக்கொண்டு நிற்கும் வாகனங்களில் பெட்டிக்குக் கீழே, பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் துரு உள்ளிருந்து தின்றிருக்கும். சுத்தியலால் தட்டினால் சத்தமே சொல்லிவிடும். அங்கே சேசிஸ் போயிருந்தால் எஞ்சினுக்குப் போடும் காசு வீண்.

சேசிஸ் நல்லதென்றால் கணக்கு வேறு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனிப்பட்ட பாவனை வாகனங்களுக்கு அது மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடத்தில் பழைய பிக்கப்பின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். இறக்குமதி திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் புதியது வாங்குவது பேலியகொடை மார்க்கெட்டுக்கு மரக்கறி ஏற்றுகிறவருக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே பெரும்பாலானோருக்கு என் பதில்: ஆம், பெறுமதிதான்.

என் எஞ்சினையே செய்விப்பதா, பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் எஞ்சின் வாங்கிப் போடுவதா?

உங்கள் ப்ளொக்கும் கிராங்கும் வெடிப்பில்லாமல் இருந்தால் உங்களுடையதையே செய்வியுங்கள். ஜப்பானில் கழற்றி இங்கே இறக்கும் எஞ்சின் உள்ளே எப்படி இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. அதிர்ஷ்டம் இருந்தால் பத்து வருடம் ஓடும், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் அதையும் பிரிக்க வேண்டி வரும். உங்கள் எஞ்சினின் வரலாறு உங்களுக்குத் தெரியும். எஞ்சின் இலக்கமும் மாறாது என்பதால் பத்திர வேலையும் இல்லை.

ரீகண்டிஷனுக்கு ஒரே நியாயம் நேரம். வாகனம் நின்றால் அன்றைய வருமானம் நிற்கும் ஆட்களுக்கு அது பெரிய நியாயம்தான். அப்படி வாங்கினாலும் சம்பை (எஞ்சினின் அடியில் இருக்கும் ஒயில் தொட்டி) கழற்றி பெயாரிங்கை ஒரு தடவை பாருங்கள், டைமிங் பெல்ட்டையும் முன் பின் சீல்களையும் மாற்றுங்கள். வெளியில் இருக்கும்போது அரை நாள் வேலை, ஏற்றிய பிறகு இரண்டு நாள் வேலை.

ஓவர்ஹோல் செய்து வைத்த எஞ்சின் விற்பனைக்கு இருக்கிறது என்கிறார்கள். என்ன கேட்க வேண்டும்?

பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். சில்வர் பெயின்ட் அடித்தால் எந்த எஞ்சினும் புதிதுபோல் இருக்கும். அளவுகளைக் கேளுங்கள். போர் (சிலிண்டர் துளை) எத்தனை ஓவர்சைஸ், 0.50 மில்லிமீற்றரா 1.00-ஆ? கிராங்க் கிரைண்ட் செய்ததா, 0.25-ஆ 0.50-ஆ? ஹெட் மட்டம் பிடித்தார்களா, வெடிப்புச் சோதித்தார்களா? உண்மையாகச் செய்தவர் லேத் கடைப் பற்றுச்சீட்டை எடுத்துக் காட்டுவார். "எல்லாம் புதுசு அண்ணன், பயப்பட வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் அது பதிலில்லை.

1.00-க்குப் போன ப்ளொக் என்றால் அடுத்த தடவை லைனர் (சிலிண்டருக்குள் புது உறை) அடிக்க வேண்டியிருக்கும். அதை விலையில் குறைத்துப் பேசுங்கள்.

இன்னொன்று காஸ்கட். டீசல் எஞ்சினில் பிஸ்டன் மேலே வரும்போது ப்ளொக்கின் மட்டத்தைத் தாண்டி ஒரு துளி எழும்பும். எவ்வளவு எழும்புகிறது என்று டயல் கேஜ் வைத்து அளந்து, அதற்கேற்ற தடிப்பில் ஹெட் காஸ்கட் போட வேண்டும். டொயோட்டா எல் குடும்பத்துக்கு மூன்று தடிப்பில் வருகிறது. ப்ளொக்கை மேலே சீவிய பிறகு பழைய தடிப்பையே போட்டால் பிஸ்டன் ஹெட்டைத் தட்டும். "எந்தக் காஸ்கட் போட்டீர்கள், ஏன்?" என்ற ஒரு கேள்வியிலேயே எதிரில் இருப்பவர் எப்படிப்பட்ட பாஸ் (மெக்கானிக்) என்று தெரிந்துவிடும்.

பற்றுச்சீட்டில் எஞ்சின் இலக்கமும் உத்தரவாதக் காலமும் எழுதி வாங்குங்கள். எழுத்தில் இருந்தால்தான், பிறகு பிரச்சினை வந்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு (தொலைபேசி 1977) பேசவும் ஏதாவது கையில் இருக்கும்.

பழைய எஞ்சின் போய்விட்டது. அது ஏன் போனது என்று இப்போது ஆராய்ந்து என்ன பயன்?

ஒரு எஞ்சினைக் கொல்வது அநேகமாக அதற்கு வெளியே இருக்கும் ஒன்று. அது உங்கள் பிக்கப்பிலேயே இன்னமும் மாட்டியபடி இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் புது எஞ்சினை ஏற்றினால் அதையும் அதே வழியில் அனுப்பிவைக்கும். ஒரு வருடத்துக்குள் மறுபடி கராஜுக்கு வரும் ஓவர்ஹோல் எஞ்சின்களில் லேத் வேலையில் பிழை கண்டதைவிட ரேடியேட்டரிலும் டீசல் தெளிக்கும் நோசிலிலும் பிழை கண்டதுதான் அதிகம். ஆகவே பிரித்த எஞ்சினைப் பழைய இரும்புக்கு அனுப்புமுன் அதை வாசியுங்கள்.

ஹெட் வளைந்து, காஸ்கட் இரண்டு சிலிண்டருக்கு நடுவில் எரிந்திருந்தால் சூடு. குற்றவாளி ரேடியேட்டர், அதன் மூடி, தண்ணீர்ப் பம்ப், அல்லது ஃபேனின் நடுவில் இருக்கும் கிளட்ச். எஞ்சின் சூடாக இருக்கும்போது நிறுத்திவிட்டு ஃபேனைக் கையால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுழன்றுகொண்டே போனால் அந்தக் கிளட்ச் செத்துவிட்டது. மருதானைச் சந்தியில் வெயிலில் நிற்கும் வாகனத்துக்குக் காற்று தருவது அந்த ஃபேன் ஒன்றுதான்.

சிலிண்டரின் மேல்பாகம் மட்டும் அதிகம் தேய்ந்து, மேல் ரிங் கத்திபோல் மெலிந்திருந்தால் தூசி. ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து மெனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள். மடிப்புக்குள் வெடிப்பு இருக்கும். ஃபில்டரை மாதம் ஒரு தடவை மாற்றினாலும் அந்த வெடிப்பு வழியாக மண் போய்க்கொண்டே இருக்கும்.

பிஸ்டன் தலையில் ஒரு பக்கம் உருகியோ ஓட்டை விழுந்தோ இருந்தால் அந்த சிலிண்டரின் நோசில் தெளிக்காமல் சொட்டியிருக்கிறது, அல்லது பம்ப் டைமிங் முன்னால் போயிருக்கிறது.

பெயாரிங் உரசிப் போயிருந்தால் ஒயில். பிந்தி மாற்றியது, சம்புக்குள் இருக்கும் வலை அடைத்தது, டீசல் கசிந்து ஒயிலைத் தண்ணீராக்கியது என்று காரணம் பல. இதில் ஒரு தனி ஆபத்து உண்டு. உரசிய உலோகத் தூள் ஒயில் கூலருக்குள்ளும் அதன் குழாய்களுக்குள்ளும் போய் உட்கார்ந்துவிடும். டீசல் ஊற்றிக் கழுவினால் முழுவதும் வராது. கூலரை மாற்றுவதுதான் பத்திரம். டேர்போ இருந்தால் அதையும் பிரித்துப் பார்க்காமல் புது எஞ்சினில் மாட்டாதீர்கள்.

கனெக்டிங் ரொட் வளைந்திருந்தால் தண்ணீர். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பக்கம் எத்தனையோ வாகனங்கள் இப்படித்தான் போயின. காற்று எடுக்கும் வாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், தண்ணீரை அமுக்க முடியாது, ரொட்தான் வளையும். இதற்கு மாற்ற வேண்டியது சாமானில்லை, வெள்ளத்துக்குள் இறங்கும் பழக்கத்தைத்தான். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் சேறு மட்டும் மிச்சமில்லாமல் கழுவிவிடுங்கள்.

எஞ்சின் இலக்கம் மாறினால் என்ன செய்வது?

பதிவுப் புத்தகத்தில் இருக்கும் இலக்கமும் ப்ளொக்கில் அடித்திருக்கும் இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு ப்ளொக் போட்டால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் புத்தகத்தைத் திருத்த வேண்டும். எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டு இல்லாமல் அங்கே போய் நிற்காதீர்கள். லீசிங்கில் இருக்கும் வாகனம் என்றால் புத்தகத்தில் முழு உரிமையாளராக இருப்பது அந்தக் கம்பனி. அவர்களிடமும் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

எஞ்சினை ஏற்றுமுன் இலக்கம் தெரிகிற மாதிரி தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். ஏற்றிய பிறகு அதைப் பார்க்கக் கண்ணாடியும் டோர்ச்சும் வேண்டும். இலக்கம் சீவியோ மேலே மறுபடி அடித்தோ இருந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த எஞ்சினைத் தொடாதீர்கள். பிற்பாடு விற்கும் நாளில் வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

2எல் இருந்த இடத்தில் 3எல் போடலாமா?

மாட்டலாம். ஒரே குடும்பம், பெரும்பாலும் அதே மவுண்டில் உட்காரும். 2446 சீசீ 2779 ஆகும், ஏற்றத்தில் வித்தியாசம் தெரியும். ஆனால் புத்தகத்தில் எஞ்சின் கொள்ளளவும் மாறும் என்பதால் முதலில் திணைக்களத்தில் கேட்டுவிட்டு எஞ்சினை வாங்குங்கள். வாங்கிவிட்டுக் கேட்கிறவர்கள்தான் அதிகம். ரேடியேட்டரும் பெரிதாக வேண்டும்.

வீட்டு முற்றத்தில் இதைச் செய்ய முடியுமா?

கொழும்பில் முற்றம் இருந்தால் முடியும். எஞ்சின் 200 கிலோவுக்கு மேல் வரும். கியர் பொக்ஸோடு சேர்த்துத் தூக்கினால் இன்னும் கூடும். செயின் ப்ளொக்கை மாமரக் கிளையிலும் கார் போர்ச் பீமிலும் கட்டித் தூக்குவதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். செய்யாதீர்கள். வாடகைக்கு எஞ்சின் கிரேன் எடுங்கள், அதற்கு மேடு பள்ளமில்லாத சீமெந்துத் தரை வேண்டும். எஞ்சின் தொங்கும்போது அதன் கீழே கையோ காலோ போகக் கூடாது, ஒரு வோஷர் விழுந்தால்கூட.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை. கூரையில்லாத இடத்தில் அந்த மாதங்களில் எஞ்சினைத் திறந்து வைக்க வேண்டாம்.

கழற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பற்றரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். பிறகு போனை எடுத்து ஒவ்வொரு வயரையும், வாக்யூம் குழாயையும் கழற்றுமுன் படம் எடுங்கள். பழைய வாகனங்களில் முந்தைய பாஸ்மார் தங்கள் இஷ்டத்துக்கு வயர் இழுத்திருப்பார்கள். புத்தகத்தில் இருக்கும் படம் உங்கள் வாகனத்துக்குப் பொருந்தாது. போல்ட்களைத் தனித்தனிப் பையில் போட்டு, எங்கே இருந்து எடுத்தது என்று எழுதிவிடுங்கள். தண்ணீர்ப் பம்ப் போல்ட்கள் நீளத்தில் வேறு வேறு. நீளமானதைக் குட்டையான துளையில் இறுக்கினால் ப்ளொக்கைத் துளைத்துவிடும் அல்லது உடைந்துபோகும்.

பொனெட் கீலைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுவிட்டுக் கழற்றினால் திரும்பப் போடும்போது நேராக வரும்.

எஞ்சின் வெளியில் இருக்கும்போது வேறு என்ன மாற்றுவது நல்லது?

கிளட்ச். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயாரிங், கிராங்கின் பின் முனையில் இருக்கும் சின்ன பைலட் பெயாரிங், நான்கையும். "பிளேட் இன்னும் அரைவாசி இருக்கிறது" என்று விட்டுவைப்பவர்கள் ஆறு மாதம் கழித்து கியர் பொக்ஸை மறுபடி இறக்குகிறார்கள். ஃப்ளைவீலில் நீல நிறத் தழும்பு இருந்தால் லேத்தில் கொடுத்து முகம் எடுங்கள்.

எஞ்சின் மவுண்ட் ரப்பர்கள், ரேடியேட்டர் குழாய்கள், பெல்ட்கள். இவற்றின் விலை முழுச் செலவில் ஒரு மூலைக்கும் வராது. டைமிங் பெல்ட் எல் குடும்பத்திலும் 4டி56-இலும் உண்டு. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். 4டி56-இல் பெலன்சர் ஷாஃப்டுக்கு இன்னொரு சின்ன பெல்ட் இருக்கிறது. அது அறுந்து டைமிங் பெல்ட்டுக்குள் சுற்றிக்கொண்டு எஞ்சினையே முடித்துவிடும், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். டிடி27 வைத்திருப்பவர்களுக்குக் கவலையில்லை. அதில் பெல்ட்டே கிடையாது, பல்சக்கரம்தான்.

பழைய டீசல் பம்ப்பையும் நோசில்களையும் அப்படியே மாட்டலாமா?

மாட்டுகிறார்கள். காசு முடிகிற நேரத்தில் எல்லோரும் கையைச் சுருக்குவது இந்த இடத்தில்தான். எனக்கு இதில் உடன்பாடில்லை. வேறு எதையாவது தள்ளிப் போடுங்கள், சீட் உறையையும் அலோய் வீலையும் தள்ளிப் போடுங்கள், நோசில்களை மட்டும் சோதிக்காமல் விடாதீர்கள். டீசல் பம்ப் திருத்தும் இடத்தில் நான்கையும் கொடுத்தால், திறக்கும் அழுத்தத்தையும் தெளிக்கும் விதத்தையும் கண் முன்னாலேயே காட்டுவார்கள்.

சுழலும் வகைப் பம்ப்புக்கு உள்ளே உராய்வைக் குறைப்பது ஓடும் டீசலேதான். மண்ணெண்ணெய் கலந்து ஓடிய வாகனத்தில் பம்ப் உள்ளே தேய்ந்திருக்கும். 2022-இல் எரிபொருள் இல்லாத காலத்தில் கான்களிலும் பீப்பாக்களிலும் சேர்த்து வைத்து ஊற்றிய டாங்கிகளுக்குள் இன்றைக்கும் துருவும் தண்ணீரும் கிடக்கின்றன. டாங்கியை இறக்கிக் கழுவிவிட்டுப் புது ஃபில்டர் போடுங்கள்.

ஹீட்டர் பிளக் வாங்கும்போது பழையதில் அடித்திருக்கும் வோல்ட் அளவைப் பாருங்கள். எல் எஞ்சின்களில் 6 வோல்ட் வகையும் உண்டு. அதை 12 வோல்ட் வரும் இடத்தில் மாட்டினால் ஒரு காலையிலேயே எரிந்துவிடும்.

எஞ்சினை கியர் பொக்ஸோடு சேர்க்கும்போது கடைசி அங்குலம் போகவில்லை. போல்ட் போட்டு இழுக்கலாமா?

கூடாது. போகவில்லை என்றால் கிளட்ச் பிளேட் நடுவில் இல்லை, அல்லது எஞ்சினும் கியர் பொக்ஸும் ஒரே கோட்டில் இல்லை. பெல் ஹவுசிங்கைச் சுற்றி இடைவெளி ஒரே அளவாக வரும்வரை ஜேக்கால் தூக்கித் தாழ்த்துங்கள். கிராங்க் போல்ட்டில் சாவி போட்டு மெதுவாகச் சுற்றினால் பல்லில் விழுந்து தானாக உள்ளே போகும். போல்ட்டால் இழுத்தால் பிளேட்டின் நடு உடையும், அலுமினிய ஹவுசிங்கின் காது உடையும். சேர்ந்த பிறகு இரண்டு டவல் பின்களும் (எஞ்சினையும் கியர் பொக்ஸையும் நேராக நிறுத்தும் பின்கள்) இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லாமல் ஏற்றிய எஞ்சின்களில் கிளட்ச் நடுங்குவதற்குக் காரணம் தேடி மாதக்கணக்கில் அலைவார்கள்.

கடைசியில் எர்த் வயர். எஞ்சினிலிருந்து சேசிஸுக்குப் போகும் தடித்த வயரை மறப்பது சகஜம். அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டரின் மின்சாரம் அக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்ப வழி தேடும். கேபிள் சூடாகிப் புகைந்தால் காரணம் அதுதான்.

இந்த நாட்டு வெயிலுக்குத் தேர்மோஸ்டாட் எதற்கு, கழற்றி எறியுங்கள் என்கிறார் பாஸ். சரியா?

சரியில்லை. இதைச் சொல்லும் பாஸ் கெட்டிக்காரராகவும் இருக்கலாம், கையில் எத்தனையோ நல்ல எஞ்சின்கள் கடந்திருக்கலாம். ஆனாலும் சரியில்லை.

பல ஜப்பான் எஞ்சின்களில் தேர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. சூடானதும் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும், அதே நேரத்தில் அதன் அடியில் இருக்கும் தட்டு பைபாஸ் துளையை மூடும். கழற்றி எறிந்தால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். ஒரு பங்கு தண்ணீர் ரேடியேட்டரைக் காணாமலே எஞ்சினுக்குள் சுற்றும். சும்மா ஓடும்போது எஞ்சின் குளிர்ந்து கிடக்கும், சுமை ஏற்றி ஏற்றத்தில் போகும்போது கொதிக்கும். இரண்டுமே கெடுதல். குளிர்ந்த எஞ்சினில் டீசல் முழுதாக எரியாமல் ஒயிலில் கலக்கும், புது ரிங்குகள் சரியாகப் படியாது.

தேர்மோஸ்டாட்டைக் கழற்றினால் சூடு குறைகிறது என்றால் அந்த வாகனத்தில் ரேடியேட்டர் அடைத்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். புது தேர்மோஸ்டாட் வாங்கி, பானையில் தண்ணீர் வைத்துச் சூடாக்கி, திறக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். அதில் ஆடும் ஒரு சின்னப் பின் இருந்தால் அது மேல் பக்கம் வர வேண்டும், காற்று வெளியேறுவது அந்த வழியில்.

ரேடியேட்டருக்கு வெறும் தண்ணீர் ஊற்றினால் போதாதா?

உறைபனிக்குப் பயந்து கூலன்ட் ஊற்றுவதில்லை, நுவரெலியாவுக்கே அது தேவைப்படுவது அபூர்வம். துருப்பிடிக்காமல் இருக்கத்தான் ஊற்றுகிறோம். இரும்பு ப்ளொக்கும் அலுமினியப் பாகங்களும் ஒரே தண்ணீரில் நின்றால் அரிக்கும். கலப்பதற்கு வடித்த நீர் நல்லது. கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், சுண்ணாம்பு படியும்.

முதல் தடவை ஸ்டார்ட் செய்வது எப்படி?

அவசரம் இல்லாமல். புது எஞ்சினில் பெயாரிங்குகளுக்கு நடுவில் கட்டும்போது பூசிய ஒயில் மட்டும்தான் இருக்கும். ஒயில் பம்ப் அழுத்தம் தருமுன் எஞ்சின் ஓடினால் முதல் நிமிடத்திலேயே தேய்மானம் ஆரம்பித்துவிடும்.

ஒயில் ஃபில்டரை நிரப்பி மாட்டுங்கள். டீசல் பம்ப்பில் இருக்கும் ஸ்டொப் சொலினோயிட்டின் வயரைக் கழற்றிவிடுங்கள். அப்போது எஞ்சின் சுற்றும், பற்றாது. பழைய இன்லைன் பம்ப் என்றால் ஸ்டொப் லீவரை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். பத்துப் பதினைந்து வினாடி சுற்றுங்கள், ஸ்டார்ட்டர் ஆற விடுங்கள், மறுபடி சுற்றுங்கள். ஒயில் லைட் அணையும்வரை இதுதான் வேலை. லைட்டை மட்டும் நம்பாமல், சுவிட்ச் இருக்கும் துளையில் ஒரு பிரஷர் கேஜ் மாட்டிப் பார்ப்பவர் நல்ல பாஸ்.

அதன் பிறகு சொலினோயிட் வயரை மறுபடி மாட்டிவிட்டு, டீசலில் காற்றெடுங்கள். ஃபில்டர் மேலே இருக்கும் கைப்பம்ப்பை இறுகும்வரை அமுக்கி, நோசில் குழாய்களின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, டீசல் கசியும்வரை சுற்றி, இறுக்குங்கள். ஓடும் எஞ்சினில் டீசல் கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தியதுபோல் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

பற்றியதும் ஐட்லிங்கில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போக வேண்டாம். நிமிடத்துக்கு 1,500 சுற்று என்ற அளவில் பிடித்து, ஒயில் அழுத்தத்தையும் சூட்டையும் பார்த்தபடி, மேல் குழாய் சூடாகி தேர்மோஸ்டாட் திறக்கும்வரை நில்லுங்கள். பிறகு நிறுத்தி, முழுக்க ஆறவிட்டு, தண்ணீர் மட்டத்தையும் ஒயிலையும் பாருங்கள். உள்ளே சிக்கிய காற்று வெளியேறியதும் தண்ணீர் இறங்கியிருக்கும்.

வெள்ளைப் புகை வருகிறது. பயப்பட வேண்டுமா?

முதல் அரை மணி நேரம் இல்லை. கட்டும்போது பூசிய ஒயில் எரியும், சைலன்சருக்குள் இருக்கும் ஈரமும் வரும். சூடான பிறகும் வெள்ளையாகவே வந்து கண் எரிந்தால் டீசல் எரியாமல் வருகிறது, பம்ப் டைமிங்கைப் பாருங்கள். இனிப்பு மணத்தோடு வந்து தண்ணீரும் குறைந்தால் காஸ்கட் அல்லது ஹெட். நீலப் புகை முதல் ஆயிரம் கிலோமீற்றரில் குறைந்துகொண்டு வர வேண்டும். குறையாவிட்டால் கொம்ப்ரஷன் பாருங்கள். எல் எஞ்சின்களுக்கு நல்ல நிலையில் 450 பிஎஸ்ஐ அளவில் நிற்கும், 285-க்குக் கீழே போனால் செய்த வேலை சரியில்லை. சிலிண்டருக்குச் சிலிண்டர் 70-க்கு மேல் வித்தியாசம் இருக்கவும் கூடாது.

ரன்னிங் இன் (புது எஞ்சினைப் பழக்கும் ஓட்டம்) எங்கே ஓடுவது? கொழும்பு டிராஃபிக்கில் முடியுமா?

காலி வீதியில் மாலை ஐந்தரைக்கு ஊர்ந்துகொண்டு போவது புது எஞ்சினுக்குக் கெடுதல். சுமையில்லாமல் நீண்ட நேரம் ஐட்லிங்கில் ஓடினால் சிலிண்டர் சுவர் கண்ணாடிபோல் வழுக்கையாகி ரிங் படியாமலே போய்விடும். கட்டுநாயக்க அதிவேகப் பாதையும் சரிவராது, அங்கே ஒரே வேகத்தில் ஒரே சுற்றில் ஓட வேண்டி வரும். எஞ்சினுக்கு வேண்டியது கூடிக் குறையும் வேகமும் மிதமான சுமையும். விடியற்காலையில் ஹைலெவல் வீதியில் ஹோமாகம தாண்டி அவிசாவளை வரை போய் வாருங்கள். சின்ன ஏற்றம், இறக்கம், சந்தி எல்லாம் அதில் இருக்கிறது. ஏற்றத்தில் கொஞ்சம் அமுக்கி, இறக்கத்தில் கியரிலேயே விட்டு இறங்கினால் ரிங் நன்றாகப் படியும். 3,000 சுற்றைத் தாண்ட வேண்டாம். உயர்ந்த கியரில் போட்டுத் திணறவும் விடாதீர்கள். கடுகண்ணாவை ஏற்றம் இப்போதைக்கு வேண்டாம்.

500 கிலோமீற்றரில் ஒயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். வடித்த ஒயிலை வெயிலில் பிடித்தால் மெல்லிய மினுமினுப்பு தெரியும், அது இயல்பு. நகத்தில் அகப்படும் துண்டு வந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பாஸைக் கூப்பிடுங்கள். சாதாரண 15டபிள்யூ-40 மினரல் ஒயில் போதும். விலை கூடிய சிந்தெடிக்கை இந்தக் கட்டத்தில் ஊற்றுவது காசுக்கும் நட்டம், ரிங்குக்கும் நட்டம்.

எப்போது சுமை ஏற்றலாம்?

ஆயிரம் கிலோமீற்றர் வரை அரைச் சுமைக்கு மேல் வேண்டாம். மார்க்கெட்டுக்கு ஓடுகிறவர்கள் இதைக் கேட்டதும் முகத்தைச் சுளிப்பார்கள், அதுவும் புரிகிறது. அப்படியென்றால் முதல் வாரங்களில் பாதி ஏற்றி இரண்டு நடை ஓடுங்கள்.

ஹெட் போல்ட்களை மறுபடி இறுக்க வேண்டுமா?

காஸ்கட் வகையையும் எஞ்சினின் கைநூலையும் பொறுத்தது. கோணம் பார்த்து இறுக்கும் போல்ட்களை இரண்டாவது தடவை தொடக் கூடாது. பழைய முறை டோர்க் போல்ட்களுக்கு மட்டும் சில கைநூல்கள் மறுபடி இறுக்கச் சொல்கின்றன. பாஸ் பழக்கத்தில் சாவியை எடுத்தால் முதலில் கைநூலைக் காட்டச் சொல்லுங்கள்.

வருமான அனுமதிப்பத்திரம் முடிகிறது. புகைப் பரிசோதனைக்கு எப்போது கொண்டு போவது?

இதை எஞ்சினைக் கழற்றுமுன்னமே யோசியுங்கள். டீசல் வாகனத்துக்குப் பரிசோதனையில் நிற்க வைத்தே அக்சிலேட்டரை முழுக்க அமுக்கி, எஞ்சினை அதன் உச்சச் சுற்றுக்குக் கொண்டுபோய்ப் புகையின் அடர்த்தியை அளப்பார்கள், அதுவும் பல தடவை. நேற்று ஸ்டார்ட் செய்த எஞ்சினுக்கு அதைவிடக் கொடுமை இல்லை. ரிங் படியாத நிலையில் புகையும் கூடக் காட்டும். அனுமதிப்பத்திரத்துக்கு இரண்டு மாதமாவது மிச்சமிருக்கும்போது வேலையைத் தொடங்குங்கள், அல்லது பழைய எஞ்சின் ஓடும் நிலையில் இருந்தால் பரிசோதனையை முடித்துவிட்டுக் கழற்றுங்கள். கொண்டுபோகும் நாளில் எஞ்சின் நன்றாகச் சூடாகியிருக்கட்டும், ஏர் ஃபில்டர் புதிதாக இருக்கட்டும்.

கழற்றிய பழைய எஞ்சினை என்ன செய்வது?

வேறு ப்ளொக் போட்டீர்கள் என்றால் பழையதை உடனே இரும்புக் கடைக்குத் தள்ளாதீர்கள். புத்தகத்தில் இருப்பது இன்னமும் அதன் இலக்கம், பதிவு திருத்தி முடியும்வரை வைத்திருங்கள். பிறகு கிராங்க், ஹெட், ரொட்கள் நல்லதாக இருந்தால் பஞ்சிகாவத்தையிலோ தெல்கந்தையிலோ தனித்தனியாக விலை போகும். ஒயிலை வடிகானுக்குள் ஊற்ற வேண்டாம். கொட்டாஞ்சேனைக் கானில் ஊற்றியது மழை பெய்தால் நேரே கடலுக்கும் களனிக்கும்தான் போகும். கழிவு ஒயில் சேர்ப்பவர்கள் கராஜ்களுக்கு வந்து காசு கொடுத்தே எடுத்துப் போகிறார்கள்.